கவிழ்த்து வைத்த துருப்பு

சென்ற வருஷம் என் மருமகள் ஒரு டாரட் சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். 78 சீட்டுகள், வழவழப்பான படங்கள், கூடவே ஒரு விளக்கப் புத்தகம். மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு வராந்தாவில் அதைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் ரயில் சிநேகிதர் ஒருவர் வந்தார். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் மீட்டர் கேஜில் மின்ரயில் ஓடிய நாட்களில் நாங்கள் இருவரும் ஏறத்தாழ இருபது வருஷம் ஒரே பெட்டியில் போய் வந்தவர்கள். நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அவரும் இன்னும் மூன்று பேரும் முழங்கால்கள் மேல் ஒரு துண்டை விரித்து இருபத்தெட்டு ஆடிக்கொண்டு வருவார்கள். இலக்கியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதை ஒரு குறையாக அவர் என்றும் நினைத்ததில்லை.

நான் அவருக்கு டாரட்டை விளக்க ஆரம்பித்தேன். இது மரணம், இது சக்கரம், இது கோபுரம், இவன் தலைகீழாகத் தொங்குகிறவன், ஞானத்தின் குறியீடு என்று. அவர் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டைப் பிரித்து, நாலு சின்னங்களை நாலு வரிசையாக அடுக்கி, மிச்சமிருந்த 22 படச் சீட்டுகளைத் தனியே ஒதுக்கினார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி சார், இதுல துருப்பு எது?"

நான் சிரித்தேன். அன்று இரவு அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன். ஏனென்றால் அவர் ஒதுக்கி வைத்த அந்த 22தான் துருப்பு.

இந்த வெட்கத்துக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1978இல் நான் எழுதி, ஒரு சிற்றேட்டில் வந்த கவிதையில் தொங்கும் மனிதன் ஒருவன் வருகிறான். மூர் மார்க்கெட்டில் வாங்கிய எலியட் தொகுப்பிலிருந்து நேராக இறங்கி வந்தவன். நான் டாரட் சீட்டைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கவிதைக்கு ஒரு நண்பர் மூன்று பக்கம் விளக்கம் எழுதினார். தொங்கும் மனிதன் என்பது பலி, புத்துயிர்ப்பு, தலைகீழான பிரக்ஞை என்றெல்லாம். அவரும் அந்தச் சீட்டைக் கண்டதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். எங்கள் வட்டம் அப்போது சிறியது, இப்போதும் சிறியதுதான். எனவே இந்தக் கட்டுரையை என் மீதான விமர்சனமாகவே எழுதத் தொடங்குகிறேன். மற்றவர்கள் மீதும் அது படுமானால் அது என் நோக்கத்துக்கு விரோதமல்ல.

முதலில் சரித்திரம். சீட்டாட்டம் ஐரோப்பாவுக்கு இஸ்லாமிய உலகத்திலிருந்து போனது. 1370களில் அங்கே அது பற்றிய செய்திகள் திடீரென்று தோன்றுகின்றன. 1377இல் ப்ளாரன்ஸ் நகரம் சீட்டாட்டத்தைக் கட்டுப்படுத்த உத்தரவு போடுகிறது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகள் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருக்கின்றன, எல்.ஏ. மேயர் 1939இல் அவற்றைப் பற்றி எழுதினார். அவற்றில் நாலு சின்னங்கள்: கிண்ணம், காசு, வாள், போலோ ஆட்டக் கோல். போலோ தெரியாத இத்தாலியர்கள் கோலை வெறும் தடியாக்கிவிட்டார்கள். வாள் வாளாகவே நின்றது. நாம் இஸ்பேட் என்கிறோமே, அந்தச் சொல்லின் அடியில் இருப்பது மண்வெட்டியல்ல, இத்தாலியரும் ஸ்பானியரும் வாளுக்குச் சொல்லும் சொல்.

இந்த நாலு சின்னக் கட்டோடு இத்தாலியர் ஒரு காரியம் செய்தார்கள். எந்தச் சின்னத்தையும் சேராத ஒரு படவரிசையைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த வரிசைக்கு 'த்ரியோன்ஃபி', அதாவது வெற்றிகள், என்று பெயர். 1440இல் ப்ளாரன்ஸில் இப்படி ஒரு கட்டு வாங்கிய செய்தியை ஒரு நோட்டரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்போர்ஸா குடும்பங்களுக்காகப் பொன் தகட்டுப் பின்னணியில் தீட்டிய சீட்டுகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. இந்தப் படங்கள் எதற்கு? மற்ற சீட்டுகளை வெட்டுவதற்கு. அரசனை வெல்பவன் சக்கரவர்த்தி, சக்கரவர்த்தியை வெல்பவர் போப், போப்பையும் காதல் வெல்லும், எல்லோரையும் மரணம் வெல்லும், மரணத்துக்கு மேலும் சில உண்டு. அன்றைய மிலான்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருவிழா ஊர்வலத்தில் எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்பது அவனுக்குத் தெரியும். நாம் சொல்லும் 'துருப்பு' என்ற சொல், ஐரோப்பிய மாலுமிகளோடு நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது, அந்த 'வெற்றி'யிலிருந்து பிறந்த சொல்தான். தாம்பரம் வண்டியில் துண்டின் மேல் ஓங்கி அடித்துத் துருப்புப் போட்டவர்கள்தான் டாரட்டின் நேரடி வாரிசுகள். நானும் என் விளக்கவுரை நண்பரும் அல்ல.

கோமாளிச் சீட்டைப் பாருங்கள். இன்றைய புத்தகங்களில் அவன் மலை விளிம்பில் நிற்கும் பரிசுத்த ஆத்மா. ஆட்டத்தில் அவன் ஒரு விதிவிலக்கு. கேட்ட சின்னத்தைப் போடாமல் தப்பிக்க அவனைக் காட்டலாம். அவன் ஜெயிக்கவும் மாட்டான், பொதுவாகப் பிடிபடவும் மாட்டான். இதில் எனக்கு ஆழம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ப்ரேகேயைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஆக்ஸ்போர்ட் தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980இல் இந்த ஆட்டத்தின் வரலாற்றை ஒரு பெரும் புத்தகமாக எழுதினார். அவர் நிறுவியது இதுதான்: டாரட் பிறந்தது ஆட்டத்துக்காக, பதினெட்டாம் நூற்றாண்டு வரை அது ஆட்டமாகவே இருந்தது, ஜோசியமும் மந்திரமும் பிந்தைய சேர்க்கை. ஒரு தர்க்கவியலாளருக்குத் தோன்றிய கேள்வியும் என் ரயில் சிநேகிதருக்குத் தோன்றிய கேள்வியும் ஒன்றே என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. இருவரும் ஒரு பொருளைப் பார்த்தவுடன் இது என்ன அர்த்தம் என்று கேட்காமல் இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள்.

அர்த்தம் ஏறிய தேதி நமக்குத் தெரியும். 1781. கூர் த ஷெபலாங் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தன் பெரிய நூலின் எட்டாம் தொகுதியில் டாரட்டை எகிப்தியரின் ரகசியப் புத்தகம் என்று அறிவித்தார். ஒரு சீமாட்டியின் வீட்டில் இந்த ஆட்டத்தைக் கண்டாராம். கால் மணி நேரத்தில் அதன் எகிப்திய மூலம் அவருக்குப் பிடிபட்டுவிட்டதாம். அப்போது எகிப்தின் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ஷம்போல்லியன் அதைத் திறந்தது 1822இல். மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில்தான் இந்த மாதிரி மூலங்கள் எப்போதும் கண்டுபிடிக்கப்படுகின்றன.

தொங்குகிறவனுக்கு அவர் செய்ததைத்தான் நான் மறக்க முடியவில்லை. பழைய இத்தாலியில் அந்தச் சீட்டுக்குத் 'துரோகி' என்றும் பெயர். அந்நகரங்களில் துரோகிகளை ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்துவது வழக்கம். பார்த்தவனுக்கு உடனே புரியும் படம் அது. ஷெபலாங்குக்குப் புரியவில்லை. இது விவேகத்தின் உருவம், ஒரு காலைத் தூக்கி அடுத்த அடியை யோசித்து நிற்கும் மனிதன், அறிவில்லாத சீட்டுத் தொழிலாளி தலைகீழாக அச்சடித்துவிட்டான் என்றார். தனக்குப் புரியாததைச் செய்தவனின் பிழை என்றார். விமர்சகர்கள் இதைப் பலமுறை செய்திருக்கிறோம்.

அதற்குப் பின் வேகம் கூடியது. அலியெத் என்பவர் தன் பெயரையே பின்னிருந்து முன்னாகத் திருப்பி 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்டு 1785இல் டாரட்டால் குறி சொல்லும் புத்தகம் போட்டார். 1789இல் அதற்கென்றே ஒரு கட்டு வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எலிபாஸ் லெவி 22 படங்களை ஹீப்ருவின் 22 எழுத்துகளோடு பிணைத்து ஒரு முழுத் தத்துவமே கட்டினார். 1888இல் லண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்ற ரகசியச் சபை அதை மேலும் வளர்த்தது. கவிஞர் யேட்ஸும் அதில் உறுப்பினர். அதே சபையைச் சேர்ந்த வெய்ட், 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியரைக் கொண்டு புதிய கட்டு ஒன்றை உருவாக்கினார். தன் கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காக எட்டாம் சீட்டையும் பதினோராம் சீட்டையும் இடம் மாற்றினார். தொங்குகிறவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்தது. துரோகி ஞானியாகிவிட்டான்.

அந்தக் கட்டின் உண்மையான சிருஷ்டி ஸ்மித்துடையது. வெறும் மூன்று கிண்ணம், எட்டு வாள் என்று எண்ணிக்கையாக மட்டும் இருந்த சீட்டுகளுக்குக்கூட மனிதர்களை, நிலத்தை, சம்பவத்தைக் கொடுத்தவர் அவர். ஆனால் கட்டு வெகுகாலம் பதிப்பாளர் பெயராலும் வெய்ட் பெயராலும்தான் அறியப்பட்டது. ஸ்மித் 1951இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். உருவம் கொடுத்தவர் மறக்கப்பட்டு உரை எழுதியவர் நிலைப்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நாம் ஒதுங்கவும் முடியாது. தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அடையாறு இருக்கிறது. 1882இலிருந்து பிரம்மஞான சபையின் தலைமையிடம் அங்கே. டாரட்டின் குறியீடுகள் பற்றி எழுதிய ருஷ்யர் உஸ்பென்ஸ்கி தன் 1913-14 இந்தியப் பயணத்தில் அங்கே வந்து தங்கினார். அவர் தேடிவந்த ரகசியம் அடையாற்றில் கிடைக்கவில்லை. திரும்பிப் போய் 1915இல் மாஸ்கோவில் குர்ஜீப்பைச் சந்தித்தார்.

ஆனால் அடையாற்று வழியாக நமக்கு வேறொன்று நன்றாகக் கிடைத்தது. லெமூரியா. ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலார் 1864இல் லெமூர் என்ற பிராணி மடகாஸ்கரிலும், அதன் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடி ஊகித்த நிலம் அது. பிளவாட்ஸ்கி 1888இல் தன் 'ரகசியக் கோட்பாடு' நூலில் அதில் ஒரு மனித இனத்தையே குடியேற்றினார். கடல் கொண்ட குமரியைப் பற்றிய ஒரு நினைவு சிலப்பதிகாரத்தில் உண்டு. அது ஒரு கவிஞனின் நினைவு. அந்த அளவில் அது பெரிது. அதை லெமூரியாவோடு ஒட்டிக் கண்டமாக்கி, வரைபடம் போட்டு, வருஷக் கணக்குச் சொன்னவர்கள் ஷெபலாங்கின் தம்பிகள். கண்டங்களே நகர்கின்றன என்று 1960களில் புவியியல் உறுதிசெய்த பிறகு லெமூருக்கு லெமூரியா தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் தேவைப்படுகிறது.

டாரட்டுக்கே தாய் நம் தசாவதாரக் கஞ்சிபா என்று சொல்கிறவர்களும் உண்டு. பத்து அவதாரத்துக்குப் பத்து வரிசை, 120 வட்டச் சீட்டுகள். மைசூர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் இதில் பல புதிய ஆட்டங்களையே வகுத்தார். அற்புதமான கலை. ஆனால் கஞ்சிபா பற்றி இந்தியாவில் நமக்குக் கிடைக்கும் ஆரம்பச் சான்று பாபர் 1527இல் சிந்துவிலிருந்த ஒரு நண்பருக்குச் சீட்டு அனுப்பியதை எழுதிவைத்த குறிப்பு. ப்ளாரன்ஸ் நோட்டரியின் நாட்குறிப்புக்கு 87 வருஷம் பிந்தியது. கஞ்சிபாவை அதன் வண்ணத்துக்காகப் பாராட்டத் தெரியாதவர்கள்தான் அதைத் தாயாக்கிப் பாராட்டுகிறார்கள்.

இனி நம் விஷயம். எலியட் 1922இல் 'பாழ்நில'த்தில் டாரட்டைக் கொண்டுவந்தார். தன் குறிப்பில் ஒரு நேர்மை காட்டினார்: இந்தக் கட்டின் சரியான அமைப்பு தனக்குத் தெரியாதென்றும், வசதிக்காக விலகியிருப்பதாகவும், ஒரு சீட்டை மீனரசனோடு இணைத்தது தன்னிச்சையானதென்றும் ஒப்புக்கொண்டார். நாம் கவிதையை எடுத்துக்கொண்டு அந்த ஒப்புதலை விட்டுவிட்டோம். 1959இல் 'எழுத்து' தொடங்கியபின் படிமம், குறியீடு என்ற சொற்கள் நமக்குக் கிடைத்தன. கிடைத்த வேகத்தில் ஒரு விளக்கப் புத்தகமும் நம் தலைக்குள் தயாராகிவிட்டது. கிணறு வந்தால் ஆழ்மனம். பாம்பு வந்தால் காமம். கதவு வந்தால் விடுதலை. ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு எகிப்து. கவிதையில் எந்த வார்த்தை எந்த வார்த்தையை வெட்டுகிறது, எது எதற்குப் பணிகிறது என்று பார்க்க நமக்கு நேரமில்லை. என் கவிதையில் தொங்கியவன் பக்கத்து வரியோடு எந்த உறவும் இல்லாமல் தொங்கினான். அதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நல்ல கவிதைகள் எழுதியிருக்கலாம்.

நம்மிடம் இதற்கு ஒரு மாற்று இருந்தது, காலடியில். தாம்பரம் சண்முகம் சாலை முனையில் ஒரு கிளி ஜோசியர் உட்கார்ந்திருப்பார். மரக்கூண்டு, உறையில் செருகிய படச் சீட்டுகளின் வரிசை. கிளி வெளியே வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளி, ஒன்றில் நிற்கும். ஒரு நெல்மணி கிடைக்கும். உறைக்குள்ளிருந்து முருகனோ, மகாலட்சுமியோ, வேளாங்கண்ணி மாதாவோ வருவார்கள். ஜோசியர் நிறுத்தாமல் ஒரு லயத்தில் பேசிக்கொண்டு போவார், எதிரே உட்கார்ந்தவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். கிளிக்கு வாசிக்கத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அதுவே அந்தக் காரியத்தின் நேர்மை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அர்த்தம் சீட்டுக்குள் இல்லை. ஒரு பறவையின் அறியாமைக்கும் ஒரு நாக்கின் பயிற்சிக்கும் ஒரு மனிதனின் கவலைக்கும் நடுவில் அது அந்த நிமிஷம் உண்டாகிறது. எகிப்து வேண்டியிருக்கவில்லை. நான் அவரைத் தாண்டித் தாண்டி எலியட்டை வாசிக்கப் போனேன்.

கிளி ஜோசியத்துக்காக நான் மனு எழுதவில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்தக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். இறகு வெட்டிய பறவைக்காகச் சட்டம் பேசுவது நியாயம்தான். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியர், தேர்தலில் நின்ற எழுத்தாளரும் இயக்குநருமான தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று சீட்டெடுத்துச் சொன்னார். வனத்துறை அவரைப் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றியது. வேட்பாளர் தோற்றார். இன்று தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் ஒரு மாடியில் டாரட் பலகை தொங்குகிறது. அங்கே கிளி இல்லை, அதனால் குற்றமும் இல்லை. ஆனால் தெரு ஓரத்தில் பொய் என்று நமக்கு உடனே தெரிவது, குளிர்சாதன அறையில் எகிப்து என்ற முகவரியோடு வந்தால் மரபு ஆகிவிடுகிறதே, அதை யோசிக்க வேண்டும்.

ஒரு ஆட்சேபணை வரும். பிறகு சேர்ந்த அர்த்தம் எல்லாம் பொய்யா? அப்படியானால் ஸ்மித்தின் சித்திரங்கள்? 1973இல் வந்த இதாலோ கல்வினோவின் டாரட் நாவல்? ஆட்சேபணை சரியானது. கல்வினோவின் நாவலில் பேச்சிழந்த பயணிகள் சீட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தே தங்கள் கதைகளைச் சொல்கிறார்கள். ஒரே சீட்டு ஒருவன் கதையில் ஒன்றாகவும் இன்னொருவன் கதையில் வேறாகவும் ஆகிறது. பக்கத்தில் எது விழுந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. அவர் எகிப்துக்குப் போகவில்லை. மறுபடியும் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். ஆகவே என் புகார் இதுதான்: அர்த்தத்தைப் பிறகு சேர்ப்பது குற்றமல்ல, எல்லாக் கலையும் அதைச் செய்கிறது. சேர்த்ததற்குப் பொய்யாக ஒரு பிறந்த தேதி எழுதுவதுதான் குற்றம். அப்படி எழுதியவன் அதற்குப் பின் படத்தைப் பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்க்கிறான்.

என் சிநேகிதர் அன்று போகுமுன் சாதாரணக் கட்டு ஒன்றை எடுத்து எனக்கு இருபத்தெட்டு சொல்லிக் கொடுத்தார். இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்தும் நான் கேட்டதில்லை. ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று; நாலு சின்னத்துக்கும் சேர்த்து 28. அதிகம் கேட்டவன் தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பான். அதுதான் துருப்பு. மற்ற மூவருக்கும் அது என்னவென்று தெரியாது. ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

"எப்பத் திறக்கணும்?" என்று கேட்டேன்.

"கேட்ட சின்னம் கையில இல்லாதவன் கேட்டாத்தான் சார். சும்மா ஆசைக்குத் திறந்து பார்க்கக் கூடாது."

என் 1978 கவிதையை மறுநாள் எடுத்துப் படித்தேன். அதில் கவிழ்த்து வைத்த சீட்டே இல்லை. எல்லாவற்றையும் முகம் தெரியப் பரப்பிவிட்டு, ரகசியம் என்று மேலே எழுதியிருந்தேன்.